ரெண்டு சேனல், ஒரே ஆங்கர்: அமெரிக்காவுல லோக்கல் டிவிக்கு ஓனர் மாறினா நியூஸ்ல என்ன மாறுது?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. அமெரிக்காவுல ஒரு நடுத்தர ஊருக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆச்சு, ராத்திரி நியூஸ் பார்க்கிற பழக்கம் இருக்கு, ஒரு சேனல்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தினா அங்கயும் அதே ஆங்கர் அதே செய்தியத்தான் வாசிக்கிறாரு. வேற ஸ்டேட்ல அண்ணன் வீட்டுக்குப் போனா அந்த ஊர் 'லோக்கல்' சேனல்லயும் அதே ஸ்டோரி, வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஒரே முதலாளி எல்லாத்தையும் வாங்கிட்டதாலயா இது, அவர் எழுதிக் குடுக்கிறதத்தான் இவங்க வாசிக்கிறாங்களான்னு கேட்டிருக்கீங்க. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. யாரு ஓனர், எப்படி இவ்ளோ பெருசா ஆனாங்கங்கிறது ஒண்ணு. அதுக்கு பதில் சட்டத்துலயும் கம்பெனி அறிக்கைகள்லயும் தெளிவா இருக்கு. நியூஸ் இப்படி ஆனதுக்கு ஓனர்தான் காரணமாங்கிறது இன்னொண்ணு. அதுல கொஞ்சம் உறுதியா சொல்லலாம், கொஞ்சம் இன்னும் வாதத்துல இருக்கு. ரெண்டையும் கலக்காம சொல்லப் பார்க்கிறேன்.

நான் பதினஞ்சு வருஷம் இந்த மாதிரி ரெண்டு ஸ்டேஷன்ல நியூஸ் ப்ரொட்யூசரா வேலை பார்த்தவன். ப்ரொட்யூசர்னா சினிமா மாதிரி பணம் போடுறவர் இல்ல, ஒவ்வொரு நியூஸுக்கும் ரன்டவுன் போட்டு, எந்த செய்தி எத்தன வினாடி, எது முதல்ல எது கடைசின்னு முடிவு பண்ணி, ஆங்கர் வாசிக்கிற வரிய எழுதுற ஆள். நான் இருந்தப்போ ரெண்டு தடவ ஓனர் மாறிச்சு. அதனால மாற்றத்த நியூஸ்ரூம் உள்ள இருந்து பார்த்திருக்கேன், முதலாளிங்க கூடி முடிவெடுக்கிற அறைக்குள்ள நான் என்னிக்கும் இருந்ததில்ல. அத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல அமைப்பு. நம்ம ஊர் சேனல் மாதிரி ஒரு இடத்துல இருந்து சாட்டிலைட்டுக்கு ஏத்தி மாநிலம் முழுக்கக் காட்டுற கதை இல்ல இது. இங்க ஒவ்வொரு ஊருக்கும் தனி டவர், தனி லைசென்ஸ். லைசென்ஸ் குடுக்கிறது எஃப்சிசிங்கிற மத்திய ஆணையம், 1934 சட்டத்துல வந்தது. அலைவரிசை யாருக்கும் சொந்தமாகாது, அத உபயோகிக்கிறவங்க பொது நலனுக்காக நடத்தணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. இப்போ எட்டு வருஷத்துக்கு ஒரு தடவ லைசென்ஸ புதுப்பிக்கணும். நீல்சன் கம்பெனி நாட்ட 210 டிவி மார்க்கெட்டா பிரிச்சு வச்சிருக்கு. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ்னு நீங்க பார்க்கிறதெல்லாம் நெட்வொர்க். பெரிய ஊர்கள்ல சில ஸ்டேஷன அவங்களே நேரடியா வச்சிருக்காங்க, மத்த ஊர்கள்ல ஸ்டேஷனோட ஓனர் வேற ஆள், நெட்வொர்க்கோட ஒப்பந்தம் மட்டும் இருக்கும், அதத்தான் அஃபிலியேட்னு சொல்றது. அதனால உங்க டிவியில ஏபிசி லோகோ தெரியுதுன்னா அந்த நியூஸ நடத்துறது ஏபிசின்னு அர்த்தம் இல்ல. அந்த லோகோவுக்குப் பின்னாடி நீங்க பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனி இருக்கலாம். ரொம்ப பேர் குழம்புறது இந்த இடத்துலதான்.

ஒரு ஆள் எத்தன ஸ்டேஷன் வச்சுக்கலாம்ங்கிறதுக்கு ஒரு காலத்துல கடுமையான வரம்பு இருந்துச்சு. 1950கள்ல நாடு முழுக்க ஏழே ஏழு. 1985 வாக்குல பன்னெண்டு ஆச்சு, கூடவே நாட்டுல உள்ள டிவி வீடுகள்ல 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு. 1996ல வந்த டெலிகாம் சட்டம்தான் பெரிய திருப்பம், எண்ணிக்கை வரம்பையே தூக்கிட்டு, 35 சதவீத வீடுகள்னு மட்டும் வச்சாங்க. 2003ல எஃப்சிசி அத 45 ஆக்கப் பார்த்துச்சு, நாடு முழுக்க எதிர்ப்பு, வலதும் இடதும் சேர்ந்தே எதிர்த்தாங்க, கடைசியில 2004 தொடக்கத்துல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட்டு 39 சதவீதத்துல நிறுத்துச்சு. அந்த 39 பார்க்கக் கறாரா தெரியும், ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. யுஎச்எஃப், அதாவது 14ம் நம்பர் சேனல்ல இருந்து மேல உள்ள அலைவரிசையில இருக்கிற ஸ்டேஷன்னா அதோட வீடுகள பாதியாத்தான் கணக்குல எடுப்பாங்க. அனலாக் காலத்துல இது நியாயம், 2ல இருந்து 13 வரைக்கும் உள்ள சேனல்கள் நல்லா எடுக்கும், யுஎச்எஃப் மழை புள்ளியா தெரியும். 2009 ஜூன்ல எல்லாம் டிஜிட்டலா மாறினதுக்கு அப்புறம் நிலைமை தலைகீழ், யுஎச்எஃப்தான் நல்லா எடுக்குது. காரணம் போயிடுச்சு, சலுகை மட்டும் நின்னுடுச்சு. 2016ல எஃப்சிசி அத எடுத்துச்சு, ஆட்சி மாறினதும் 2017ல திரும்பக் கொண்டு வந்துச்சு.

இந்த இடைவெளியிலதான் பெரிய கம்பெனிகள் வளர்ந்துச்சு. 1996ல பென்சில்வேனியாவுல ஸ்க்ரான்டன்ல ஒரே ஒரு ஸ்டேஷனோட ஆரம்பிச்ச நெக்ஸ்டார், 2017ல மீடியா ஜெனரல வாங்கி, 2019ல ட்ரிப்யூன வாங்கி, நாட்டுலயே பெரிய லோக்கல் டிவி ஓனர் ஆயிடுச்சு. அதே ட்ரிப்யூன முதல்ல வாங்க வந்தது மேரிலாண்ட்ல இருக்கிற சின்க்ளேர், 2017ல அறிவிச்ச அந்த 390 கோடி டாலர் டீல் 2018 ஆகஸ்ட்ல உடைஞ்சுது. விக்கிறதா காட்டின சில ஸ்டேஷன உண்மையில தன் கைக்குள்ளயே வச்சுக்கப் பார்க்குதோன்னு எஃப்சிசிக்கே சந்தேகம் வந்து, விசாரணைக்கு அனுப்புனதுதான் காரணம், அப்புறம் 2020ல சின்க்ளேர் 4.8 கோடி டாலர் அபராதம் கட்டுச்சு. க்ரே கம்பெனி 2019ல ரேகாமையும் 2021 கடைசியில மெரிடித் ஸ்டேஷன்களையும் எடுத்துக்கிச்சு. 2025 ஆகஸ்ட்ல நெக்ஸ்டார், டெக்னா கம்பெனிய 620 கோடி டாலருக்கு வாங்கப் போறதா அறிவிச்சப்போ, சேர்ந்தா 265 ஸ்டேஷன், நாட்டு டிவி வீடுகள்ல 80 சதவீதம்னு அவங்களே கணக்கு சொன்னாங்க. 39 எங்க, 80 எங்க. பாதிக் கணக்குச் சலுகைய சேர்த்தாலும் அது வரம்பத் தாண்டுது, அதனாலதான் வரம்பையே தூக்கணும்னு அவங்க கேட்டாங்க.

இப்ப நீங்க சொன்ன 'ரெண்டு சேனல், ஒரே ஆங்கர்' விஷயத்துக்கு வர்றேன். ஒரே ஊருக்குள்ள ஒருத்தர் ரெண்டு ஸ்டேஷன் வச்சுக்கலாம்னு 1999ல எஃப்சிசி அனுமதிச்சுது, ஆனா அந்த ஊர்ல ரேட்டிங்ல முதல் நாலுக்குள்ள இருக்கிற ரெண்டு ஸ்டேஷன ஒரே ஆள் வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு தடை. தடை இருந்தா வழியும் இருக்கும் இல்லையா? லைசென்ஸ் ஒரு சின்னக் கம்பெனி பேர்ல இருக்கும், ஆனா விளம்பரம் விக்கிறது, நியூஸ் தயாரிக்கிறது, பில்டிங், கேமரா, ஆளுங்க எல்லாம் பக்கத்து ஸ்டேஷனோட பெரிய கம்பெனியோடது. தொழில்ல இத சைடுகார்னு சொல்வாங்க, பைக்கோட ஒட்டிக்கிட்டு ஓடுற தொட்டி மாதிரி. நெக்ஸ்டாருக்கு மிஷன் ப்ராட்காஸ்டிங், சின்க்ளேருக்கு கன்னிங்ஹாம். நியூயார்க்ல இருக்கிற டபிள்யூபிஐஎக்ஸ் ஸ்டேஷன் மிஷன் வாங்கினது, நடத்துறது நெக்ஸ்டார். இது ரகசியம் இல்ல, ஒப்பந்தத்த எஃப்சிசி கோப்புல போட்டே ஆகணும். போதாததுக்கு 2025 ஜூலைல எட்டாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் அந்த 'முதல் நாலு' தடையையே ரத்து பண்ணிடுச்சு, அதனால இனிமே தொட்டி கூடத் தேவைப்படாம நேரடியாவே ரெண்டு வச்சுக்க வழி திறந்திருக்கு. உங்க ஊர்ல ஒரே ஆங்கர் ரெண்டு லோகோவுக்குக் கீழ வர்றது பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும்.

ஏன் இவ்ளோ பெருசாகணும்? இதக் கேட்டா எல்லாரும் பேராசைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுறாங்க, எனக்கு அது போதாது. பணம் வர்ற வழியே மாறிடுச்சு, அதத்தான் பார்க்கணும். முன்னாடி ஸ்டேஷனோட வருமானம்னா ஊர் கார் டீலர், ஃபர்னிச்சர் கடை, வக்கீல் குடுக்கிற விளம்பரம். நெட்வொர்க் வேற, தன் நிகழ்ச்சிய ஓட்டுறதுக்கு ஸ்டேஷனுக்குப் பணம் குடுத்துச்சு. 1992 கேபிள் சட்டத்துல, என் சிக்னல உன் கேபிள்ல காட்டணும்னா என்கிட்ட அனுமதி வாங்கணும்னு ஸ்டேஷனுக்கு உரிமை வந்துச்சு. ஆரம்பத்துல கேபிள் கம்பெனிகள் காசு தர மாட்டோம்னு நின்னாங்க, போகப் போகத் தர ஆரம்பிச்சாங்க, இப்போ நெக்ஸ்டார் மாதிரி கம்பெனிக்கு மொத்த வருமானத்துல பாதிக்கும் மேல இப்படி வர்ற விநியோகக் கட்டணம்தான். அதப் பார்த்த நெட்வொர்க், நான் உனக்குக் குடுத்த காலம் போச்சு, நீ எனக்குக் குடுன்னு திருப்பிக்கிச்சு. இந்த ரெண்டு பேரோடயும் பேரம் பேசணும்னா ஒரு ஸ்டேஷன் வச்சிருக்கிறவனுக்கு பலமே இல்ல, நூறு ஸ்டேஷன இருட்டடிப்பேன்னு சொல்றவனுக்குத்தான் மரியாதை. இன்னொரு பெரிய வரவு அரசியல் விளம்பரம், அது தேர்தல் வர்ற இரட்டைப்படை வருஷத்துல கொட்டும், ஒற்றைப்படை வருஷத்துல காயும். தேர்தலுக்காக வெளி அமைப்புகள் தனியா எவ்ளோ வேணா செலவு பண்ணலாம்னு 2010ல சுப்ரீம் கோர்ட் சொன்ன சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்புக்கு அப்புறம் வெளி அமைப்புகளோட காசும் சேர்ந்துக்கிச்சு, வேட்பாளருக்குச் சட்டப்படி குறைஞ்ச ரேட்டு குடுக்கணும், அமைப்புகளுக்கு அந்த வரம்பு இல்ல. கடைசியில பார்த்தா ஸ்டேஷன் பிழைக்கிற காசுல உங்க ஊர் கடைக்காரரோட பங்கு சுருங்கிக்கிட்டே போகுது. காசு எங்க இருந்து வருதோ அங்கதான் ஓனரோட கண்ணும் இருக்கும்.

இதுவரைக்கும் சொன்னதுல எனக்கு சந்தேகம் இல்ல. அடுத்து நான் பார்த்தத சொல்றேன், இது ரெண்டு ஸ்டேஷனோட அனுபவம்தான்.

நான் சேர்ந்தப்போ அந்த ஸ்டேஷன் ஒரு குடும்பத்தோடது. பெரியவர் போனதுக்கு அப்புறம் பிள்ளைங்க வேற வேற ஊர்ல, வாரிசு வரி ஒரு பக்கம், 1996க்கு அப்புறம் ஏறின விலை ஒரு பக்கம், வித்துட்டாங்க. குடும்ப ஓனர்னா எல்லாம் புனிதம்னு சொல்ல வரல, அவங்க நண்பரோட வியாபாரம் பத்தின ஸ்டோரின்னா மேல இருந்து மெதுவா ஒரு போன் வரும், அதயும் பார்த்திருக்கேன். ஆனா வாங்குன கம்பெனி கடன் வாங்கித்தான் எங்கள வாங்குச்சு. இந்தத் தொழில்ல அது சாதாரணம். கடனுக்கு வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவ கட்டணும், அதுக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் இவ்ளோ சதவீதம் லாபம் காட்டணும்னு மேல இருந்து ஒரு எண் வரும். எங்க நியூஸ் டைரக்டர் நல்ல மனுஷன், அந்த எண்ண வச்சுக்கிட்டு ஒரு வாரம் தூங்கல. என்ன எழுதணும் எழுதக் கூடாதுன்னு எனக்கு முதல் ரெண்டு வருஷத்துல ஒரு உத்தரவு கூட வரல. வந்தது என்னன்னா, கோர்ட் பார்த்துக்கிட்டிருந்த ஒரு அம்மா ரிட்டையர் ஆனாங்க, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கல.

அந்த அம்மாவப் பத்தி சொல்லாம இத விளக்க முடியாது. இருபது வருஷத்துக்கு மேல கோர்ட்டும் கவுன்ட்டி கமிஷனும் (நம்ம மாவட்டப் பஞ்சாயத்து மாதிரி)தான் அவங்க வேலை. கமிஷன் மீட்டிங் மூணு மணி நேரம் நடக்கும், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, வெறுங்கையோட வருவாங்க, இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு நோட்டுப் புத்தகத்த மேசை மேல வைப்பாங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஆனா அப்படி நாப்பது தடவ சும்மா உட்கார்ந்ததாலதான் நாப்பத்தொண்ணாவது தடவ தண்ணி ஒப்பந்தத்துல ஒரு வரி மாறியிருக்கிறத அவங்க கண்டுபிடிச்சாங்க, வேற யாராலயும் முடிஞ்சிருக்காது, ஏன்னா பழைய வரி என்னன்னு தெரிஞ்ச ஆள் அந்த அறையில அவங்க ஒருத்தர்தான். அவங்க போனப்புறம் அந்த மீட்டிங்குக்கு யாராவது போனாங்களான்னா போனாங்க, ஒரு எம்எம்ஜே. அதாவது தானே கேமரா தூக்கி, தானே பேட்டி எடுத்து, தானே எடிட் பண்ணி, தானே லைவ்ல நிக்கிற ஒத்த ஆள். காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் ஆன பொண்ணு, கெட்டிக்காரி. அவளுக்கு மதியம் வெப்சைட்டுக்கு ஒண்ணு, 4 மணிக்கு ஒண்ணு, 5க்கு, 6க்குன்னு குடுத்தாகணும். அவ மீட்டிங்ல பத்து நிமிஷம் நின்னு, நாலு ஷாட் எடுத்து, வாசல்ல ஒருத்தர் கிட்ட மைக் நீட்டிட்டு ஓடி வருவா. அவமேல தப்பே இல்ல. அந்த ரன்டவுன போட்டவனே நான்தான், அந்த நாலு ஸ்லாட்டுக்கும் அவ பேர எழுதினவனும் நான்தான். அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது.

ஓனர் மாறினா முதல்ல மாறுறது கருத்துன்னு வெளிய இருக்கிறவங்க நினைக்கிறாங்க. நான் பார்த்த வரைக்கும் முதல்ல போறது ஒண்ணும் கிடைக்காத நாளுக்குக் குடுக்கிற சம்பளம். அது கணக்குப் புத்தகத்துல வீண்செலவு மாதிரியே தெரியும். போனதும் உடனே யாருக்கும் தெரியாது, ரேட்டிங்கும் விழாது, ஆங்கர் அதே ஆள், செட் முன்னாடிய விட பளபளன்னு இருக்கும். நியூஸ் நேரம் கூட ஏறும். உண்மையாவே ஏறுச்சு, காலைல 4:30க்கு ஆரம்பிச்சு, சாயங்காலம் 4 மணிக்கும் 7 மணிக்கும்னு நீண்டுக்கிட்டே போச்சு. ஏன்னா வெளிய இருந்து டாக் ஷோ வாங்கி ஓட்டுறத விட, இருக்கிற ஆளுங்கள வச்சு இன்னொரு மணி நேரம் நியூஸ் போடுறது மலிவு. ஓப்ரா ஷோ 2011ல நின்னப்போ நிறைய ஸ்டேஷன் அந்த நேரத்துக்கு நியூஸ்தான் போட்டாங்க. நேரம் ரெட்டிப்பாகி ஆளு ஏறலன்னா மீதிய எத வச்சு நிரப்புறது? நெட்வொர்க் அனுப்புற வீடியோ, கம்பெனியோட தலைமை அலுவலகம் எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்புற ரெடிமேட் பேக்கேஜ், வேற மாநிலத்துல நடந்த கார் துரத்தல். நீங்க உங்க அண்ணன் வீட்டுல பார்த்த அதே வார்த்தை ஸ்டோரி பெரும்பாலும் இப்படி வந்ததாத்தான் இருக்கும். அத வாசிச்ச ஆங்கர் ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியக் கூட வாய்ப்பில்ல. கூடவே, லைசென்ஸ் இருக்கிற ஊருக்குப் பக்கத்துலயே ஸ்டுடியோ இருக்கணும்னு பல பத்து வருஷமா இருந்த விதிய 2017ல எடுத்துட்டாங்க, ஒளிபரப்ப கட்டுப்படுத்துற மாஸ்டர் கன்ட்ரோல் ரூம் அதுக்கும் முன்னாடியே பல கம்பெனில தூரத்து ஊர் ஹப்புக்குப் போயிடுச்சு.

சரி, ஓனர் எழுதிக் குடுத்து வாசிக்க வைக்கிறாரான்னு கேட்டீங்க. எல்லா ஓனரும் இல்ல, ஆனா நடந்திருக்கு, அது வதந்தி இல்ல. சின்க்ளேர்ல மஸ்ட் ரன்னு ஒரு வழக்கம், தலைமை அனுப்புற துண்டு எல்லா ஸ்டேஷனும் கட்டாயம் ஓட்டணும். 2004 ஏப்ரல்ல ஏபிசியோட நைட்லைன் நிகழ்ச்சியில, ஈராக்ல செத்த அமெரிக்க ராணுவத்தினர் பேர டெட் காப்பல் வரிசையா வாசிச்சப்போ, அது அரசியல்னு சொல்லி சின்க்ளேர் தன் ஏபிசி ஸ்டேஷன்கள்ல அத ஓட்டவே இல்ல. 2018ல நாடு முழுக்க இருக்கிற தன் ஆங்கர்களுக்கு ஒரே ஸ்கிரிப்ட் குடுத்து, பொய்ச் செய்திகள் பத்தி எச்சரிக்கிற மாதிரி ஒரு ப்ரோமோ வாசிக்க வச்சாங்க, டெட்ஸ்பின் தளம் அத எல்லாம் ஒண்ணா அடுக்கி ஒரு வீடியோ போட்டப்போதான் ஜனங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரே வரி, பல பத்து வாய். அந்த வீடியோவ நான் நியூஸ்ரூம்ல நின்னுக்கிட்டே பார்த்தேன், எங்களோடது அந்த கம்பெனி இல்ல, ஆனாலும் யாரும் பேசல. அந்த ஆங்கர்கள கோழைன்னு நிறைய பேர் திட்டினாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல, ஒப்பந்தக் காலம் முடியறதுக்குள்ள வெளிய போனா கம்பெனிக்கு அபராதம் கட்டணும்னு எழுதி வச்சிருந்த ஆளுங்க அதுல இருந்தாங்க. 2025 செப்டம்பர்ல ஏபிசியோட ராத்திரி நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துற ஜிம்மி கிம்மல் விஷயம் உங்களுக்கே நினைவிருக்கும், அவர் பேசினத எஃப்சிசி தலைவர் கண்டிச்சுப் பேசின கையோட நெக்ஸ்டாரும் சின்க்ளேரும் தங்களோட ஏபிசி ஸ்டேஷன்கள்ல அத ஓட்ட மாட்டோம்னு சொன்னாங்க, ஏபிசியும் நிகழ்ச்சிய நிறுத்தி வச்சுது. ஏபிசி ஒரு வாரத்துக்குள்ள திரும்பக் கொண்டு வந்தப்புறமும் இவங்க சில நாள் நிறுத்தியே வச்சிருந்தாங்க. அது நியூஸ் நிகழ்ச்சி இல்லதான். ஆனா ஒரு ஸ்டேஷன் தன் ஊருக்காக எடுக்க வேண்டிய முடிவ ஒரே நாள்ல ஒரு கம்பெனி பல ஊருக்கும் சேர்த்து எடுக்க முடியும்ங்கிறதும், எஃப்சிசி ஒப்புதல் வேண்டிய டீல் கையில இருக்கிற ஓனர் அரசாங்கத்தோட மூடுக்கு எவ்ளோ பயப்பட வேண்டியிருக்கும்ங்கிறதும் அதுல தெரிஞ்சுது. ரெண்டாவது பாதி என் கருத்து, கம்பெனிகள் அந்தத் தொடர்ப மறுத்தாங்க.

வாதத்துல இருக்கிற பகுதி இனிமேதான். கிரெகரி மார்ட்டின், ஜோஷ்வா மெக்ரெய்ன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, சின்க்ளேர் வாங்கின ஸ்டேஷன்களையும் அதே ஊர்ல வாங்காத ஸ்டேஷன்களையும் நியூஸ் எழுத்த வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. வாங்கினப்புறம் தேசிய அரசியல் ஏறுது, உள்ளூர் விஷயம் இறங்குது, பேச்சு வலது பக்கம் சாயுது, பார்வையாளர் கூடல, கொஞ்சம் குறையவும் செய்யுதுன்னு வந்துச்சு. பார்க்கிறவங்க கேட்டதாலதான் மாத்தினோம்ங்கிற வாதத்துக்கு இது நல்ல பதில். ஆனா இது ஒரு ஓனரப் பத்தின ஆய்வு, இத வச்சு எல்லா பெரிய கம்பெனியும் இப்படித்தான்னு சொல்றது தாவல். கம்பெனிக்காரங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, விளம்பரக் காசு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போயிடுச்சு, அவங்களுக்கு எந்த வரம்பும் இல்ல, எங்களுக்கு மட்டும் 1950களோட விலங்கு ஏன்னு கேக்குறாங்க. சின்ன ஊர்ல ரெண்டு நியூஸ்ரூம் நஷ்டத்துல ஓடி ரெண்டும் மூடுறதுக்குப் பதில் ஒண்ணாவது மிஞ்சட்டும்ங்கிறாங்க. சில ஊர்ல அது உண்மையா இருக்கலாம். எனக்கு அந்த வாதத்துல இடிக்கிறது ஒரே இடம்தான். சேர்ந்தா மிச்சமாகுற காசு ரிப்போர்ட்டருக்குப் போகும்னு ஒவ்வொரு டீல் அறிவிப்புலயும் சொல்றாங்க, நான் இருந்த ரெண்டு தடவையும் போகல. சின்க்ளேரே 2023ல சில ஊர்கள்ல நியூஸ்ரூம மூடி, அந்த நேரத்துக்குத் தன்னோட தேசிய நியூஸ் நிகழ்ச்சிய வச்சுது.

பழைய காலம் பொற்காலம்னும் நினைச்சுக்காதீங்க. மிஸிசிப்பில ஜாக்சன் ஊர்ல டபிள்யூஎல்பிடின்னு ஒரு ஸ்டேஷன், ஓனர் அதே ஊர்ல இருந்த ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிதான், ஆனா ஊர்ல கணிசமா இருந்த கறுப்பின மக்களோட பக்கத்த காட்டவே மாட்டாங்க. ஒரு சர்ச் அமைப்பும் உள்ளூர் ஆளுங்களும் சேர்ந்து லைசென்ஸ புதுப்பிக்காதேன்னு எஃப்சிசிகிட்ட போனப்போ, நீங்க வெறும் பார்வையாளர், உங்களுக்கு இதுல பேச உரிமையே இல்லன்னு சொல்லிட்டாங்க. 1966ல கோர்ட், பார்க்கிறவனுக்கு உரிமை உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, 1969ல அந்த லைசென்ஸே போச்சு. இன்னிக்கு நீங்க ஒரு ஸ்டேஷன் மேல எஃப்சிசிக்கு ஆட்சேபம் எழுத முடியுதுன்னா அந்த ஜாக்சன் மக்கள் போட்ட வழி அது. ஜனங்க பேசினா நடக்காம இல்ல. 2025 ஜனவரில ஆலன் மீடியாங்கிற கம்பெனி தன் ஸ்டேஷன்கள்ல உள்ளூர் வானிலை ஆளுங்கள எடுத்துட்டு, அட்லாண்டாவுல இருந்தே எல்லா ஊருக்கும் வானிலை சொல்லப் போறதா அறிவிச்சுது, சூறாவளி வர்ற ஊர்ல எல்லாம் பெரிய எதிர்ப்பு, சில நாள்லயே திட்டத்த நிறுத்தி வச்சாங்க. வானிலைக்கு நடந்தது கோர்ட் ரிப்போர்ட்டருக்கு நடக்கலங்கிறதுதான் என் வருத்தம். சூறாவளி எச்சரிக்க ஆள் இல்லன்னா ஊருக்கே தெரியும், கமிஷன் மீட்டிங்ல நாற்காலி காலியா இருந்தா யாருக்குத் தெரியும்?

உங்க ஊர் விஷயத்த நீங்களே பார்த்துக்கலாம். எஃப்சிசி வெப்சைட்ல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பப்ளிக் இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல்னு ஒண்ணு இருக்கு, மேல சொன்ன டபிள்யூபிஐஎக்ஸ் மாதிரி ஸ்டேஷனோட நாலு எழுத்துப் பேர போட்டா வரும், காசு கிடையாது. அதுல ஓனர்ஷிப் ரிப்போர்ட் எடுத்தா லைசென்ஸ் யார் பேர்லன்னு தெரியும். உங்க ரெண்டு சேனலுக்கும் பேர் வேற வேறயா இருந்தா, நியூஸையும் ஊழியர்களையும் பகிர்ந்துக்கிற ஒப்பந்தமோ விளம்பர விற்பனை ஒப்பந்தமோ அதே ஃபைல்ல இருக்கான்னு தேடுங்க. அரசியல் விளம்பரத்துக்கு யார் எவ்ளோ குடுத்தாங்கன்னும் அங்கயே இருக்கு. எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு, மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டேஷன் ஒரு பட்டியல் போடணும், இந்த ஊரோட முக்கியப் பிரச்சினை இதெல்லாம், அதுக்கு நாங்க ஓட்டின நிகழ்ச்சி இதெல்லாம்னு. நான் அந்தப் பட்டியல்ல கைவச்சிருக்கேன், அதனால சொல்றேன், அத வரி வரியா படிங்க. உங்க ஊர் பள்ளி போர்டு, தண்ணி, கோர்ட் பத்தி எத்தன வரி இருக்கு, அதுல எத்தன வரி உங்க ஊர்ல எடுத்ததுன்னு எண்ணிப் பாருங்க. டிவி லைசென்ஸ்களோட அடுத்த சுற்று புதுப்பிப்பு 2028ல ஆரம்பிக்குது, மாநிலம் மாநிலமா வரும். உங்க ஸ்டேஷனோட முறை வர்றப்போ ஆட்சேபமோ கருத்தோ எழுதணும்னா இந்தப் பட்டியல்ல இருந்து எடுத்த தேதியும் நிகழ்ச்சிப் பேரும் கையில இருக்கட்டும்.